கடலில் ஒரு குமர்

கூரம் என்னும் எங்கள் ஊருக்குக் கடலோடு யாதொரு தொடர்பும் இல்லை. காஞ்சிபுரத்திற்கு அண்மையில், வயலும் ஏரியுமாகக் கிடக்கும் சிற்றூர் அது. நீர் என்றால் எங்களுக்கு ஏரி நீர்தான்; கலம் என்றால் நெல் அளக்கும் கலம்தான். அத்தகைய ஊரில் அமர்ந்துகொண்டு, உல்லாசப் படகைச் சொந்தமாக வாங்குவது நன்றா, வாடகைக்கு அமர்த்துவது நன்றா என்று நான் மூன்று மாதம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன் என்றால் வாசக அன்பர்கள் நகைக்கக்கூடும். என் இல்லாளும் நகைத்தாள். ஆயினும் அந்தக் கணக்கின் மறுமுனையில் ஒரு ஏக்கர் நன்செய் கட்டப்பட்டிருந்தமையால், என்னால் நகைக்க இயலவில்லை.

என் தங்கை மகன் துபாயில் இருக்கிறான். உல்லாசப் படகுகளை மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் கணக்கர் வேலை. சென்ற ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த பத்தாம் நாள் அவனிடமிருந்து நீண்டதொரு கடிதம் வந்தது. தாளில் வந்ததன்று, கைப்பேசியில் வந்ததுதான். எனினும் அதன் நீளத்தையும் அதில் இருந்த பணிவையும் கருதி அதைக் கடிதமென்றே சொல்வேன். எட்டு நண்பர்கள் சேர்ந்து ஒரு படகு வாங்கப்போகிறார்களாம். பிறர் ஆண்ட படகு. விலை 16 லட்சம் திர்ஹம். தலைக்கு 2 லட்சம். தன் சேமிப்பு 80 ஆயிரம் இருக்கிறது. எஞ்சிய 1 லட்சத்து 20 ஆயிரத்திற்கு, அதாவது ஏறத்தாழ 28 லட்சம் ரூபாய்க்கு, நன்னாவின் நிலத்தில் அம்மாவுக்குச் சேரவேண்டிய ஒரு ஏக்கரை விற்றுத்தர வேண்டும் என்று எழுதியிருந்தான். "வாடகைக்கு எடுப்பவர்கள் பணத்தைக் கடலில் கொட்டுகிறார்கள், மாமு. வாங்குகிறவர்கள்தாம் சொத்துச் சேர்க்கிறார்கள். இதை நான் தினமும் என் கணக்குப் புத்தகத்தில் பார்க்கிறேன்" என்பது அக்கடிதத்தின் முத்தாய்ப்பு.

நானும் கணக்கெழுதியவன்தான். கூட்டுறவுச் சங்கத்தில் 31 ஆண்டு பேரேடு சுமந்தவன். ஆகவே "ஆகாது" என்று ஒரு சொல்லில் மறுமொழி கொடுக்க மனம் வரவில்லை.

அந்தப் படகுகளில் ஒன்றில் நானும் ஏறியிருக்கிறேன். 2023 ஜனவரியில் அவன் அழைப்பின்பேரில் துபாய் சென்றிருந்தபோது, அவனும் அவன் நண்பர்களும் சேர்ந்து ஒரு மாலைப்பொழுதுக்குப் படகு பிடித்தார்கள். குழந்தை குட்டிகளோடு பன்னிரண்டு பேர். இரண்டு மணி நேரத்திற்கு 1,000 திர்ஹம். தலைக்குக் கணக்கிட்டால் 2,000 ரூபாய்கூட ஆகவில்லை. ஏறுமுன் பாதரட்சைகளைக் கழற்றி ஒரு கூடையில் போடச் சொன்னார்கள். பள்ளிவாசலுக்கு அடுத்தபடியாக இங்கேதான் இந்த ஒழுங்கைக் காண்கிறேன் என்று நான் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். தேக்குப் பலகை பரப்பிய தளம். செருப்பின் கல்லும் மண்ணும் அதைக் கீறிவிடுமாம். படகு நகர்ந்தது. வானளாவிய கட்டடங்களெல்லாம் மெல்லப் பின்வாங்கின. கதிரவன் கடலில் இறங்கிய அந்தக் கால் மணி நேரத்தில், அறுபது வயதைக் கடந்த நான் வாயடைத்து நின்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. அந்த இன்பத்தைப் பொய்யென்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

கயிறு பிடிக்கும் வேலையில் ஓர் இளைஞன் இருந்தான். இராமநாதபுரத்துக் கடற்கரைப் பிள்ளை. தமிழ்ப் பேச்சுக் கேட்டதும் தேநீரோடு வந்து அருகில் அமர்ந்துகொண்டான். "இந்தப் படகின் முதலாளி எங்கே இருக்கிறார்?" என்று கேட்டேன். ஆண்டுக்கு மூன்று முறை வருவார் என்றான். சென்ற ஆண்டு அதுவும் இல்லை. "அவர் வராவிட்டாலும் படகு சும்மா கிடக்காது, பெரியவரே, அது தின்றுகொண்டேயிருக்கும்" என்றவன், அது எவ்வாறு தின்னும் என்பதையும் விளக்கினான். துறையில் கட்டிப்போட்ட நாளிலும் உள்ளறைகளுக்குக் குளிரூட்டும் இயந்திரம் ஓடவேண்டும். இல்லையேல் கடற்காற்றின் ஈரத்தில் மரம் உப்பும், மெத்தை பூஞ்சை பிடிக்கும். நீருக்குள் இருக்கும் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் அப்பிக்கொள்ளும். அப்பினால் வேகம் குறையும், எண்ணெய்ச் செலவு ஏறும். ஆகவே காலந்தோறும் படகைத் தூக்கிக் கரையில் வைத்துச் சுரண்டி, தனியான ஒரு சாயம் பூச வேண்டும். உப்புக்காற்று இயந்திரத்தை அரிக்கும், மின்கம்பியை அரிக்கும், துரு ஏறாது என்று சொல்லி விற்கப்படும் எஃகையும் விட்டுவைக்காது. கட்டியிருக்கும் இடத்திற்கு வாடகை, காப்பீடு, உரிமக் கட்டணம், மாலுமிச் சம்பளம் என்பன போக, இவை.

படகுத் தொழிலில் உள்ளோர் பொதுவாகக் கைக்கொள்ளும் ஒரு மதிப்பீடு உண்டு. ஒரு படகை என்ன விலைக்கு வாங்கினாயோ, அதில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அதற்கே செலவிட வேண்டும் என்பது அது. பழைய படகாயின் பங்கு கூடும். ஏனெனில் வாங்கிய விலை குறைவாக இருந்தாலும் பழுது குறைவதில்லை. பத்தாண்டில் மறுபடியும் ஒரு படகு வாங்கிய பணம் போய்விடுகிறது. நிலமோ வீடோ போல விலை ஏறும் பொருளுமன்று. வாங்கிய நாள் தொட்டு விலை இறங்குவதே அதன் இயல்பு.

பெருஞ்செல்வர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். அத்னான் கஷோகி என்ற சவூதி வணிகரின் பெயரை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். தம் மகளின் பெயரால் 'நபீலா' என்று ஒரு படகு கட்டினார். 1980இல் கடலில் இறங்கிய அது 86 மீட்டர் நீளம். திரைப்படத்தில்கூட அது இடம்பெற்றது. அந்தப் பத்தாண்டு முடியுமுன் அவர் கடனில் அமிழ்ந்தார். படகு கைமாறிப் புரூணை சுல்தானிடம் போய், பின்னர் சுமார் 2 கோடியே 90 லட்சம் டாலருக்கு அமெரிக்கச் செல்வர் டொனால்டு டிரம்பின் கைக்கு வந்தது. அவருக்கும் கடன் நெருக்கியது. 1991இல் அதைச் சவூதி இளவரசர் அல்வலீத் பின் தலால் வாங்கிக்கொண்டார். முதல் உடைமையாளர் கட்டிய செலவின் ஒரு சிறு பங்கே அடுத்தடுத்து வந்தவர்கள் கொடுத்த விலை. ஒரு பெயர் அழிந்து இன்னொரு பெயர் எழுதப்பட்டதேயன்றி, படகு எங்கும் போய்விடவில்லை.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. விஜய் மல்லையாவின் 'இந்தியன் எம்ப்ரஸ்' 95 மீட்டர் நீளம் கொண்டது. 2018 மார்ச்சில் மால்டா தீவில் அது தடுத்து நிறுத்தப்பட்டது. காரணம், மாலுமிகளுக்கு மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட பணியாளர்களின் ஊதிய நிலுவை பத்து லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. நீதிமன்றத்தின் வழியே அது ஏலத்திற்கு வந்து, அவ்வாண்டு செப்டம்பரில் 3 கோடியே 50 லட்சம் யூரோவுக்கு விலைபோயிற்று. கடல் வழக்கில் மாலுமியின் சம்பளத்திற்குக் கப்பலே பிணை; உடைமையாளன் எங்கிருந்தாலும் கப்பலைப் பிடித்து நிறுத்தலாம். உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணித்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தினராகிய நமக்கு இந்தச் சட்டம் புதிதாகத் தோன்றாது.

இத்தனை தொல்லையும் இன்றிக் கடலின்பம் வேண்டுவோர்தாம் வாடகைக்கு அமர்த்துகிறார்கள். அதிலும் சூதுவாது இல்லாமலில்லை. நாங்கள் பிடித்ததுபோல் மணிக்கணக்கு என்றால் எளிது. மத்தியதரைக் கடலில் வாரக்கணக்கில் பெரிய படகெடுக்கும் செல்வர்களுக்கு, விளம்பரத்தில் காணும் வாடகை ஒரு தொடக்கமே. எண்ணெய், உணவு, துறைமுகக் கட்டணம் ஆகியவற்றிற்காக வாடகையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை முன்பணமாகக் கட்டவேண்டும். மீதமானால் திரும்பவரும், போதாதாயின் மேலும் கொடுக்கவேண்டும். அந்தந்த நாட்டு வரி தனி. இறுதியில் மாலுமிகளுக்கு அன்பளிப்பாகப் பத்துப் பதினைந்து விழுக்காடு கொடுப்பது வழக்கம். ஆக, நூறு என்று எண்ணிப் போனவர் நூற்றைம்பதோடு திரும்புவார். ஆனால் திரும்பிவிடுவார், அதுதான் வேறுபாடு. இறங்கியபின் அந்தப் படகின் பாசியும் துருவும் அவருடைய கவலையல்ல.

நம் வீடுகளில் வலீமா விருந்துக்குப் பத்துத் தேக்சாக்கள் வேண்டும். யாரேனும் வாங்கிவைக்கிறோமா? பாத்திரக்கடையில் ஒரு நாளுக்கு எடுத்து, அடிப்பிடித்ததைத் தேய்த்துக் கொடுத்துவிடுகிறோம். ஆண்டில் இரண்டு நாள் வேண்டிய பொருளுக்கு முந்நூற்று அறுபது நாளும் இடம் ஒதுக்குவார் இல்லை. எங்கள் ஊரில் நெல்லறுக்கும் இயந்திரமும் அவ்வாறே. மணிக்கு இவ்வளவு என்று வரும், போகும். சொந்தமாக வாங்கிய ஒருவர் எங்கள் பக்கத்தில் இருந்தார். அறுவடைக் காலம் கழிந்து அது மரத்தடியில் நின்ற மாதங்களுக்கும் அவர் தவணை கட்டினார்.

மருமகன் கடிதம் வந்த மறுநாள் வெள்ளி. வழக்கம்போல் ஸூரத்துல் கஹ்ஃபு ஓதிக்கொண்டிருந்தேன். எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் ஓதிய ஸூராதான். அன்று மூஸா (அலை) அவர்களும், ஹிள்ரு (அலை) என்று நாம் அறிந்த அந்த நல்லடியாரும் கப்பலில் ஏறும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். அந்தக் கப்பலை அவர் பழுதாக்கினார். காரணம் பின்னர் விளங்குகிறது: கப்பல், கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகளுக்கு உரியது; நல்ல கப்பல்களையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் முன்னே இருந்தான்; பழுதான கப்பலை அவன் விட்டுவிடுவான்.

இந்த இடத்தில் நம் இமாம்களிடையே ஒரு நுட்பமான விவாதம் உண்டு. ஜகாத் பெறத்தக்கோரில் ஃபகீர், மிஸ்கீன் என்னும் இருவருள் யார் அதிக வறியவர் என்ற கேள்வியில் ஷாஃபி மத்ஹபினர் இந்த ஆயத்தைச் சான்றாகக் காட்டுவர். கப்பல் உடையவர்களையே திருக்குர்ஆன் மிஸ்கீன்கள் என்கிறது. ஆகவே மிஸ்கீனிடம் ஏதோ சிறிது பொருள் இருக்கும், ஒன்றுமற்றவர் ஃபகீரே என்பது அவர்கள் வாதம். ஹனஃபி அறிஞர்கள் மறுத்துரைப்பர்: கப்பல் அவர்களுடையது என்பதால் அதை அவர்கள் உடைமையாகக் கொண்டிருந்தனர் என்று முடிவாகாது, அதில் கூலிக்கு உழைத்தவராக இருக்கலாம், இரவலாகப் பெற்றவராகவும் இருக்கலாம். சொந்தமா, வாடகையா என்ற என் மருமகனின் வினாவை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு 'லாம்' எழுத்தை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு மத்ஹபும் உண்டு. நான் ஹனஃபி, என் இல்லாள் கீழக்கரைக்காரி, ஷாஃபி. மரக்கலம் என்ற சொல்லிலிருந்தே மரக்காயர் என்ற பெயர் வந்தது என்பாரும் உளர். வள்ளல் சீதக்காதி கலம் விட்டு வணிகம் செய்த ஊர் அது. ஆயத்தின் விளக்கத்தை அவளிடம் சொன்னபோது, "கப்பல் வைத்திருந்தவர்கள் ஏழைகள் என்பதில் உங்களுக்கு என்ன ஐயம்? எங்கள் வீட்டில் வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே" என்றாள். அவளுடைய பாட்டனாரும் அவர் உடன்பிறந்தார் இருவரும் சேர்ந்து ஒரு தோணி வைத்திருந்தார்களாம். கொழும்புக்குச் சரக்கேற்றிப் போவதும் வருவதுமாக இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் கரையில் ஏற்றிப் பலகை மாற்றி, இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து பார்த்து, எண்ணெய் பூச வேண்டும். கோடையில் ஈட்டியதில் பாதி அங்கே போய்விடும். அவளுடைய பாட்டியார் அண்டை வீட்டாரிடம் சொல்வாராம்: "உங்கள் வீட்டில் இரண்டு குமர், எங்களுக்கு வீட்டில் இரண்டு, கடலில் ஒன்று."

ஆனாலும் அந்தத் தோணியை அவர்கள் விற்கவில்லை. ஏன் விற்கவில்லை என்று எண்ணியபோதுதான், மருமகன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கக்கூடும் என்று எனக்குப் பட்டது. வாடகைக் கலத்தை நம்பித் தொழில் செய்தால் என்னவாகும் என்பதற்குத் தூத்துக்குடியே சான்று.

வ.உ. சிதம்பரனாரின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி 1906 அக்டோபர் 16ஆம் நாள் பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் நம் சமுதாயப் பெருவணிகர் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாயை எடுத்துக்கொடுத்தார். மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே கையிலிருந்து வந்தது என்பதை நாம் அடிக்கடி நினைவூட்டிக்கொள்வதில்லை. கம்பெனி பிறந்தபோது அதற்கென்று கப்பல் இல்லை. பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே விட்டார்கள். போட்டியாளரான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி பம்பாயில் நெருக்கடி கொடுத்தது. ஷா லைன் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கம்பெனி இருந்தது, பங்குதாரர் இருந்தனர், பயணிகள் இருந்தனர், கப்பல் இல்லை. உடனே இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டத்தை நிற்காமல் காத்தார் வ.உ.சி. எனினும் இரவல் கலத்தில் சுதேசியம் மிதக்காது என்பதை அறிந்துகொண்டார். கப்பலோடு வருவேன், இன்றேல் கடலில் வீழ்வேன் என்று சூளுரைத்து வடக்கே போனார் என்பர். 1907இல் 'காலியா'வும் 'லாவோ'வும் தூத்துக்குடிக்கு வந்தன. 'காலியா'வில் 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் ஏறலாம்.

சொந்தக் கப்பலும் அவரைக் காக்கவில்லை என்பது உண்மைதான். எதிரிகள் கட்டணத்தைக் குறைத்தார்கள். இலவசமாக ஏற்றிக்கொண்டு குடையும் கொடுத்தார்கள் என்பர். 1908 மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி. கைதானார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்கள் விற்கப்பட்டன. ஆனால் அது அரசின் அடக்குமுறையால் நேர்ந்த தோல்வி. கப்பலை வாங்கியது தவறான கணக்கு என்று நான் கருதமாட்டேன். நாள்தோறும் ஓடவேண்டிய கலம், ஊரின் பிழைப்பும் மானமும் ஏறியிருக்கும் கலம், பிறன் கையில் இருக்கலாகாது. மாலை இரண்டு மணி நேரத்துக் களிப்புக்கு வேண்டிய கலமோ பிறன் கையில் இருப்பதே நலம். என் மருமகன் முதலாவதின் வீரத்தைப் பேசி இரண்டாவதை வாங்கப் புறப்பட்டிருந்தான்.

இனி அவன் அனுப்பிய கணக்கு. ஒரு மணிக்கு 1,000 திர்ஹம். நாளொன்றுக்கு மூன்று மணி. ஆண்டில் 300 நாள். வருமானம் 9 லட்சம். முதலீட்டில் பாதிக்கு மேல் ஓராண்டிலேயே திரும்பிவிடும்! நான் ஒரு தாளை எடுத்துக்கொண்டேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்த நாட்டு வெயிலில் தளத்தில் கால்வைக்க முடியாது என்று அவனே என்னிடம் சொல்லியிருக்கிறான். எஞ்சிய 35 வாரங்களில் வார இறுதி இரண்டு நாள்தான் உறுதி. நாளுக்கு நான்கு மணி என்று தாராளமாகவே வைத்தேன். 280 மணி, 2 லட்சத்து 80 ஆயிரம். வாடிக்கையாளரைக் கொண்டுவரும் நிறுவனத்திற்கு ஐந்தில் ஒரு பங்கு தரகு போக 2 லட்சத்து 24 ஆயிரம். செலவுக்கு அவன் எழுதியிருந்த தொகைகளையே எடுத்துக்கொண்டேன். படகோட்டிக்கும் இரண்டு பணியாளருக்கும் மாதம் 14 ஆயிரம் என்றால் ஆண்டுக்கு 1 லட்சத்து 68 ஆயிரம். கட்டுமிடத்திற்கு 70 ஆயிரம். எண்ணெய்க்கு 84 ஆயிரம். காப்பீடு 20 ஆயிரம். பழுதுக்கு அவன் எதுவுமே எழுதவில்லை. நான் 80 ஆயிரம் எழுதினேன். கூட்டினால் 4 லட்சத்து 22 ஆயிரம். ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம் பள்ளம். எட்டுப் பேரும் தலைக்கு 25 ஆயிரம் திர்ஹம் எடுத்துப் போட்டால்தான் படகு மிதக்கும்.

அதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. படகை நடத்தித்தரும் இடைத்தரகர், ஒவ்வொரு பங்குக்கும் மாதம் 3,000 திர்ஹம் உறுதியாகத் தருவதாகச் சொல்லியிருந்தாராம், படகு ஓடினாலும் ஓடாவிட்டாலும். கூட்டு வணிகத்தில் குறிப்பிட்ட தொகையை இலாபமென்று முன்கூட்டியே உறுதிசெய்வது கூடாது என்பதை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கேட்டிருக்க வேண்டும். இழப்பின் பொறுப்பை ஏற்பவனுக்கே ஆதாயம் உரியது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. வாடகைக்கு விடுவதிலும் பொருளின் அழிவும் பெரும்பழுதும் உடையவன் தலையில்தான் விழும். எந்த இழப்பும் இல்லாத ஆதாயம் என்று ஒருவர் சொன்னால், அது வட்டியாக இருக்கவேண்டும். இல்லையேல் அவர் திருப்பித் தருவது நாம் போட்ட முதலாகவே இருக்கவேண்டும்.

இவையெல்லாவற்றையும் எழுதி, முடிவில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: "உன் நிறுவனத்தில் எத்தனையோ படகுகள் ஓடுகின்றனவே, அவற்றுள் உன் முதலாளிக்குச் சொந்தமானவை எத்தனை?"

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. "ஒன்றுமில்லை. எல்லாம் வெளியார் படகுகள். எங்களுக்குத் தரகுதான்." அதன்கீழே இன்னும் இரண்டு வரிகள் இருந்தன. "மாமு, நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த ஒரு ஏக்கரை இத்தனை ஆண்டும் நீங்கள்தானே உழுகிறீர்கள்? அது விற்காமலிருப்பதில் உங்களுக்கும் ஆதாயம் உண்டு அல்லவா?"

அந்தத் தாளோடு நான் ஏரிக்கரைக்குப் போய் உட்கார்ந்தேன். கோபம் வந்தது, மறுக்க எழுந்த சொற்கள் ஒவ்வொன்றாகத் தொண்டையிலேயே நின்றன. அத்தா 1994இல் மௌத்தானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். விட்டுச்சென்றது மூன்று ஏக்கர். வாரிசு நானும் தங்கையும். ஃபராயிள் கணக்கு எனக்குத் தெரியாததன்று: எனக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று. பட்டா மட்டும் என் பெயரில் மாறிற்று. அறுவடைதோறும் அவள் வீட்டுக்கு ஆறு மூட்டை நெல், பெருநாளுக்குச் சேலை. "எதற்கண்ணே இதெல்லாம்" என்பாள், நானும் மகிழ்ந்துபோவேன். அவளுடைய நிலத்தை நான் முப்பதாண்டாக வாடகை பேசாமல் ஆண்டுகொண்டிருந்திருக்கிறேன். ஊரார் கடனுக்கெல்லாம் பைசாவும் பிசகாமல் பேரேடு எழுதிய கை அது.

எங்கள் ஊர்ச் செப்பேட்டை அறிஞர்கள் அறிவார்கள். முதலாம் பரமேசுவரவர்மன் என்னும் பல்லவ மன்னன் ஏழாம் நூற்றாண்டில் கொடுத்தது. பாலாற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி ஏரிக்கு நீர் கொண்டுவந்ததை அது சொல்கிறது. ஊரைப் பங்குகளாகப் பகுத்து, கோயில் வழிபாட்டுக்கும் பழுதுபார்ப்புக்கும், மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் இன்னின்ன பங்கு என்றும் எழுதிவைத்தான். பழுதுபார்க்கும் செலவையும் பங்குதாரர் உரிமையையும் செம்பில் வெட்டிவைத்த ஊரில் இருந்துகொண்டு, என் கூடப்பிறந்தவளின் பங்கை ஒரு தாளில்கூட நான் எழுதிவைக்கவில்லை.

மறுவாரம் தங்கையை அழைத்துக்கொண்டு பத்திர அலுவலகம் போனேன். வாய்க்காலை ஒட்டிய மேட்டு ஏக்கரைத் தருவதா, ஏரி மதகுக்கு அருகிலிருக்கும் பள்ளத்து ஏக்கரைத் தருவதா என்று ஓரிரவு என் மனம் ஊசலாடியதையும் மறைக்க விரும்பவில்லை. மதகுக்கு அருகிலிருப்பதே அவள் பெயரில் பதிவாயிற்று. பாகப்பிரிவினைப் பத்திரம் கைக்கு வந்தபின்தான் அவள் மகனுடைய கடிதத்தையும் என் கணக்குத் தாளையும் அவள் முன் வைத்தேன். "இனி இது உன் நிலம். விற்பதும் வைப்பதும் உன் விருப்பம். என் கருத்தை எழுதியிருக்கிறேன், ஆனால் அதில் என் ஆதாயமும் கலந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படி" என்றேன்.

அவள் இரண்டையும் படித்தாள். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மகனைத் தொலைபேசியில் அழைத்து ஒன்றே கேட்டாள்: "ஏன் வாப்பா, அந்தப் படகில் நீ ஆண்டுக்கு எத்தனை நாள் போவாய்?" அவன் என்ன சொன்னானோ, எனக்குக் கேட்கவில்லை. "அப்படியானால் அந்த நாளைக்கு வாடகைக்கு எடுத்துக்கொள், நான் பணம் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மற்ற ஏழு பேரும் வேறோர் எட்டாவது ஆளைப் பிடித்துப் படகை வாங்கிவிட்டார்களாம். அதன் கணக்கையும் என் மருமகன்தான் எழுதுகிறானாம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்திருந்தபோது குர்பானி இறைச்சியைப் பங்கிட்டுக்கொண்டே எல்லாக் கதையும் பேசினோம். அந்தப் படகு இலாபமா, நட்டமா என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போகும்போது மட்டும், "மாமு, பழுதுக்கு நீங்கள் எழுதிய 80 ஆயிரம் குறைவு" என்றான்.

மதகடி ஏக்கரை என் தங்கை எனக்கே குத்தகைக்கு விட்டிருக்கிறாள். மூட்டைக் கணக்கு வேண்டாமாம். ஊரில் என்ன நடப்போ அந்தக் குத்தகைப் பணத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டுமாம். சம்பா அறுவடை முடிந்ததும் முதல் தவணையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்த்துவிட்டு, 50 ரூபாய் குறைகிறது அண்ணே என்றாள்.